நெட்டில் தேடிப் பழகிவிட்டால் கண்ணெதிரே இருப்பது தெரியாமல் போகிறதா?

#1 காயில்கட்டி (கோவை)

வணக்கம். வழக்கமாக நான் பம்புசெட் பகுதியில்தான் எழுதுவேன். இது பொதுப் பகுதிக்கான விஷயம் என்று தோன்றியதால் இங்கே வந்திருக்கிறேன்.

முப்பது வருடமாக மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன், கருகிய மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றும் வேலை. போன மாதம் அன்னூர்ப் பக்கமிருந்து ஒரு விவசாயி 5 ஹெச்பி மோட்டார் ஒன்றைக் கொண்டு வந்து இறக்கினார். காயில் கருகிக் கிடந்தது. பட்டறையில் ஒரு தம்பி இருக்கிறான், பாலிடெக்னிக் முடித்தவன், கைவேலை சுத்தம். அவனிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன்.

எங்கள் தொழிலில் பழைய காயிலைப் பிரிக்கும்போதே டேட்டா எடுத்துவிட வேண்டும். காயில் தலையை வெட்டி, ஒரு ஸ்லாட்டில் (கம்பி உட்காரும் பள்ளம்) எத்தனை கம்பி என்று ஒவ்வொன்றாக எண்ணுவோம். கருகிய வார்னிஷ் கம்பிகளைக் கட்டியாக ஒட்ட வைத்திருக்கும். பிரித்து எண்ணி முடிப்பதற்குள் அரை மணி நேரம் போய்விடும், நகக்கண்ணெல்லாம் கரி. தம்பி அதைச் செய்யவில்லை. போனில் நாலு போட்டோ எடுத்தான். மோட்டாரின் விவரப் பிளேட்டில் இருந்ததை நெட்டில் போட்டுத் தேடினான். ஒரு சார்ட் கிடைத்தது, காயிலுக்கு 34 டர்ன் (சுற்று) என்று. அதன்படி அழகாகக் கட்டி, வார்னிஷ் போட்டு, காயவும் வைத்துவிட்டான்.

மறுநாள் ஓட்டிப் பார்த்தால் லோடு இல்லாமலேயே டாங் டெஸ்டரில் (கரண்ட் அளக்கும் கருவி) ஆம்பியர் எகிறுகிறது. பத்து நிமிடத்தில் பாடியில் கை வைக்க முடியவில்லை. விஷயம் என்னவென்றால், அந்த மோட்டாரின் கோர் (கம்பி உட்காரும் இரும்புத் தகடு அடுக்கு) கட்டை, அதாவது நீளம் குறைவு. ஒரே 5 ஹெச்பி என்றாலும் அந்த அடுக்கின் நீளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கோர் கட்டையாக இருந்தால் டர்ன் கூட வேண்டும். வெட்டிப் போட்ட பழைய காயிலைச் சாக்கிலிருந்து எடுத்து நானே உட்கார்ந்து எண்ணினேன். 38.

கம்பிக் காசு போனது போகட்டும். திட்டலாம் என்று கூப்பிட்டால் அவன் சொன்னதுதான் என்னைத் தூங்க விடவில்லை. "கோர் கட்டையா இருக்குதேன்னு எனக்கும் தோணுச்சுங்கண்ணா. ஆனா சார்ட்ல தெளிவா போட்டிருந்துச்சு."

ஆக, கண்ணில் பட்டிருக்கிறது. பட்டதைத் தள்ளிவிட்டுத் திரையில் இருந்ததை எடுத்துக்கொண்டான். இது அவன் ஒருவனுடைய குணமா, இல்லை நாம் எல்லோருமே இப்படி ஆகிக்கொண்டிருக்கிறோமா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பெஞ்சுக்காரன்

அண்ணே, உங்கள் பட்டறையில் டேட்டா நோட்டு இருக்குமே? நோட்டைப் பார்த்துக் கட்டினால் அனுபவம், நெட்டைப் பார்த்துக் கட்டினால் சோம்பலா? கால்குலேட்டர் வந்தபோதும் இதே ஒப்பாரிதான்.

#3 காயில்கட்டி

நோட்டு இருக்கிறது. 1996இலிருந்து எட்டு நோட்டு. ஆனால் அதில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் என் கையால் எண்ணியது. வித்தியாசம் இருக்கிறது தம்பி.

#4 நூலகப்பூனை (திருச்சி)

நான் உளவியல் பாடம் எடுப்பவள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்த விவாதம் எங்கே நடந்தாலும் ஓர் ஆய்வை இழுப்பார்கள். 2011இல் பெட்ஸி ஸ்பேரோ, ஜென்னி லியூ, டேனியல் வெக்னர் மூவரும் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. அதில் ஒரு சோதனை இது: துணுக்குச் செய்திகள் 40ஐக் கொடுத்துக் கணினியில் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். பாதிப் பேரிடம் "நீங்கள் அடித்தது பத்திரமாக இருக்கும்" என்றும், மீதிப் பேரிடம் "அழிந்துவிடும்" என்றும் சொல்லி வைத்தார்கள். அழிந்துவிடும் என்று நம்பியவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. இன்னொரு சோதனையில், செய்தியை மறந்தவர்களுக்குக்கூட அது எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்பது ஞாபகம் இருந்தது.

வெக்னர் இதற்கு வெகு காலம் முன்பே தம்பதிகளைப் பற்றிச் சொல்லிவந்த கருத்துதான் இதற்கு அடி. காஸ் புத்தகம் எங்கே என்பது அம்மாவுக்குத் தெரியும், எல்ஐசி தவணைத் தேதி அப்பாவுக்குத் தெரியும். இருவரும் எல்லாவற்றையும் சுமப்பதில்லை, யாரிடம் எது இருக்கிறது என்று தெரிந்தால் போதும். அம்மா, அப்பா இடத்தில் இப்போது தேடுபொறி வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது அவர்கள் வாதம்.

ஆனால் இதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 'நேச்சர்', 'சயின்ஸ்' இரண்டிலும் வந்த 21 சமூக அறிவியல் சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்து 2018இல் முடிவு வெளியிட்டார்கள். 13தான் தேறியது. தேறாத எட்டில் இந்தக் கட்டுரையின் ஒரு சோதனையும் உண்டு. நான் மேலே சொன்ன தட்டச்சுச் சோதனை அல்ல, வேறொன்று. இருந்தாலும் சொல்லிவிடுவது நல்லது.

காயில்கட்டி அண்ணா, உங்கள் தம்பி எடுத்த நாலு போட்டோதான் எனக்கு உறுத்துகிறது. 2014இல் லிண்டா ஹெங்கெல் என்பவர் ஓர் அருங்காட்சியகத்தில் மாணவர்களைக் கூட்டிப் போய், சில பொருள்களைச் சும்மா பார்க்கவும் சிலவற்றைப் போட்டோ எடுக்கவும் சொன்னார். மறுநாள் கேட்டால், போட்டோ எடுத்தவை குறைவாகத்தான் ஞாபகம் இருந்தன. ஆனால் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்த பொருள்களுக்கு அந்தக் குறை இல்லை. கிட்டே போய்ப் பார்த்தவன் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான்.

#5 தேம்ஸ்கரையான் (இலண்டன்)

நான் யாழ்ப்பாணத்தான். இலண்டனில் மினிகேப் (போனில் கூப்பிட்டால் வருகிற வாடகைக் கார்) ஓடுகிறேன், பதினாறு வருடம். இந்தக் கதை எனக்குத்தான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இங்கே கறுத்த டாக்சி ஓடுவதென்றால் 'நாலெட்ஜ்' என்ற சோதனை பாஸ் பண்ண வேணும். 1865இலிருந்து இருக்கிறது. சாரிங் குரொஸ்ஸிலிருந்து ஆறு மைல் தூரத்துக்குள் இருக்கிற ஏறக்குறைய 25,000 தெருவும் தலைக்குள் இருக்க வேணும். தெரு மட்டுமில்லை, ஆஸ்பத்திரி, ஹோட்டல், தியேட்டர், பொலிஸ் ஸ்டேசன் எல்லாம். புத்தகத்தில் 320 பாதை போட்டிருக்கும். முதலாவது பாதை மேனர் ஹவுஸ் ஸ்டேசனிலிருந்து கிப்சன் ஸ்கொயர். மழைக்குள்ளும் குளிருக்குள்ளும் மொபெட்டில், ஹாண்டிலில் ஒரு மட்டையில் வரைபடத்தைக் கொளுவிக்கொண்டு பொடியள் திரிவதைக் காணலாம். மூன்று நாலு வருடம் எடுக்கும். பிறகு பரிசோதகர் முன்னால் கோட் போட்டுக்கொண்டு போய் இருந்து, இங்கிருந்து அங்கே எப்படிப் போவாய் என்றால் தெருத்தெருவாக வாயால் ஒப்புவிக்க வேணும்.

அவர்களின் மூளையை எலினோர் மக்வயரின் குழு படம் பிடித்துப் பார்த்து 2000இல் எழுதினார்கள். ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்பக்கம் மற்ற ஆட்களை விடப் பெரிதாம். பிறவியிலேயே அப்படியோ என்று சந்தேகம் வரும் அல்லவா? அதற்காக 79 பேரைப் படிக்கத் தொடங்கும்போதே பிடித்துவைத்துப் பார்த்தார்கள். 39 பேர் பாஸ். வளர்ந்தது பாஸ் பண்ணின ஆட்களுக்குத்தான். அது 2011இல் வந்தது.

எங்களுக்கு, மினிகேப்காரருக்கு, அந்தச் சோதனை இல்லை. போனில் வருகிற குரல் இடம் திரும்பு என்றால் திரும்புவேன். என் கதை என்னவென்றால், டூட்டிங்கிலிருந்து ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாவை இரண்டு வருடமாகக் கிழமைக்கு ஒருக்கால் டயாலிசிஸுக்குக் கொண்டுபோய் விட்டேன். ஒருநாள் போன் சார்ஜ் இறங்கிச் செத்துவிட்டது. சத்தியமாக எனக்குப் பாதை தெரியவில்லை. நூறு தடவைக்கு மேல் போயிருக்கிறேன்! பின் சீட்டில் இருந்து அந்த அம்மாதான் சொல்லிக்கொண்டு வந்தா. அவவுக்கு ஒரு கண் பார்வையும் குறைவு.

அதற்குப் பிறகு நான் மறதி என்று சொல்வதை விட்டுவிட்டேன். மறப்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேணும். அந்தப் பாதையை நான் ஒருநாளும் பார்க்கவே இல்லை.

#6 வாய்ப்பாடு வாத்தியார் (திருவாரூர், பணி நிறைவு)

தேம்ஸ்கரையான் சொல்வது சரி. ஆனால் இந்த இழை 'அந்தக் காலத்தில் எல்லாம் தலைக்குள் இருந்தது' என்று போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

என் தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி மனப்பாடம் செய்தவர். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று, மாகாணி அல்லது வீசம் 16இல் ஒன்று. எல்லாவற்றுக்கும் பெருக்கல் வாய்ப்பாடு உண்டு. அரைக்காலில் கால் எவ்வளவு தாத்தா என்றால், வெற்றிலையை மென்றுகொண்டே "அரை வீசம்" என்பார். நான் சிலேட்டில் எட்டில் ஒன்றை நாலால் வகுத்து, முப்பத்திரண்டில் ஒன்று என்று எழுதி முடிப்பதற்குள் அவர் துப்பிவிட்டு வந்துவிடுவார்.

ஆனால் ஏன் என்று கேட்டால் பதில் வராது. "அதெல்லாம் அப்படித்தாண்டா." கேள்வி பழக்கமான வடிவத்தில் வந்தால் மின்னல், கொஞ்சம் மாற்றிக் கேட்டால் முறைப்பு. நானும் முப்பத்து மூன்று வருடம் வாத்தியாராக இருந்து, பதினாறாம் வாய்ப்பாடு கடகடவென்று சொல்கிற, ஆனால் பதினாறு ரூபாய்க்கு ஒரு பேனா என்றால் எட்டு பேனா எவ்வளவு என்று விழிக்கிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மண்டையில் இருப்பதாலேயே அது யோசனை ஆகிவிடாது. சில பேருக்கு மண்டையும் ஒரு சார்ட்தான்.

மறுபக்கமும் உண்டு. நாகர்கோவில் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் சதாவதானம் செய்தார். ஒரே அவையில் நூறு விஷயங்களைக் கவனத்தில் வைத்துப் பதில் சொல்வது. அவதானத்தில் ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடு என்பார்கள். வெண்பா இலக்கணமும் சொற்களும் உள்ளே ஊறிக் கிடந்தால்தான் அங்கேயே நின்று கட்ட முடியும். தேடி எடுத்து வந்து கட்ட அவையில் நேரம் ஏது? அந்த ஒன்றுக்காகத்தான் நான் மனப்பாடத்தை இன்னும் விட்டுக்கொடுப்பதில்லை. புதிதாக எதையாவது சேர்க்க வேண்டுமென்றால் பழையது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். போன் சட்டைப்பையில் இருப்பது அந்தத் தூரம் ஆகுமா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

#7 நள்ளிரவு நிரலர்

மென்பொருள்காரன் வாக்குமூலம். முன்பெல்லாம் பிழைச் செய்தி வந்தால் அதைத் தேடுபெட்டியில் ஒட்டுவேன். இப்போது ஏஐயிடம் ஒட்டுகிறேன். போன வாரம் என் பக்கத்து சீட் பெண் வந்து பார்த்துவிட்டு, "ஃபைல் பேரில் எழுத்துப்பிழைன்னு அதுவே சொல்லுதே" என்றாள். தெளிவான வாக்கியம். நான் அதைக் காப்பி செய்திருக்கிறேன், ஒட்டியிருக்கிறேன், படிக்கவில்லை.

#8 பெஞ்சுக்காரன்

எல்லோரும் பாவமன்னிப்புக் கேட்கிற இடமாகிவிட்டது இந்த இழை. நான் ஒன்று கேட்கிறேன். இணையம் இல்லாவிட்டால் அந்தத் தம்பிக்குச் சார்ட்டே கிடைத்திருக்காது. எனக்குப் பெர்க்கின்சன் பற்றி ஒன்றுமே தெரியாது. அப்பாவுக்கு வந்தபோது ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்ததால்தான் டாக்டரிடம் உருப்படியாக நாலு கேள்வி கேட்க முடிந்தது. எனக்கு யோசனை கூடியதே தவிரக் குறையவில்லை.

#9 நூலகப்பூனை

பெஞ்சுக்காரன் சொல்வதிலும் நியாயம் உண்டு. அதற்கும் ஆய்வு இருக்கிறது. 2015இல் பெஞ்சமின் ஸ்டார்ம், ஷான் ஸ்டோன் இருவரும் ஒன்று கண்டார்கள்: ஒரு பட்டியலைப் படித்து, அதைச் சேமித்துவிட்டு அடுத்ததற்குப் போனவர்கள், அடுத்த பட்டியலை நன்றாக நினைவில் வைத்தார்கள். சுமையை இறக்கி வைத்தவனுக்குக் கை காலியாகிறது. அப்பாவுக்காகப் படித்த ராத்திரியில் உங்கள் கை காலியாக இருந்தது, அதைப் பயன்படுத்தியும் கொண்டீர்கள்.

என் கவலை வேறு. அதே 2015இல் யேல் பல்கலைக்கழகத்தில் மேத்யூ ஃபிஷர், மேரியல் காடு, ஃபிராங்க் கீல் மூவரும் செய்தது. ஒரு கூட்டத்தாரைச் சில கேள்விகளுக்கு நெட்டில் விளக்கம் தேடச் சொன்னார்கள், இன்னொரு கூட்டத்தாருக்குத் தேடக் கூடாது என்றார்கள். பிறகு முற்றிலும் வேறு கேள்விகளைக் காட்டி, "இவற்றை உங்களால் எவ்வளவு நன்றாக விளக்க முடியும்?" என்று மதிப்பிடச் சொன்னார்கள். தேடியவர்கள் தங்களுக்குக் கூடுதல் மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். இத்தனைக்கும் இரண்டாவது கேள்விகளுக்கு அவர்கள் எதையும் தேடவில்லை. நெட்டில் இருப்பதும் நம் தலையில் இருப்பதும் ஒன்றாகக் கலந்துபோகிறது.

அதில் வந்த கேள்விகளில் ஒன்று ஜிப் எப்படி வேலை செய்கிறது என்பது. இங்கேயே விளையாடிப் பார்க்கலாமா? தேடாமல் எழுதுங்கள். நேர்மையாக.

#10 நள்ளிரவு நிரலர்

பல் இருக்கிறது, எதிர்ப்பக்கமும் பல் இருக்கிறது, இழுத்தால் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். (எழுதிய பிறகு பார்த்தால் நான் ஒன்றுமே சொல்லவில்லை.)

#11 பெஞ்சுக்காரன்

அந்த இழுக்கிற சாமான் அழுத்துகிறது. அழுத்தினால் மாட்டுகிறது. சரி, ஆனால் அதே சாமானைத் திருப்பி இழுத்தால் ஏன் கழல்கிறது? ச்சே. ஐம்பது வருடமாகப் பேண்ட் போடுகிறேன்.

#12 கறிவேப்பிலை (மதுரை)

படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதற்கு எழுதாமல் முடியவில்லை. நான் தையல் கடை வைத்திருப்பவள். ஸ்கூல் பேக் சீசனில் ஒரு நாளைக்குப் பத்து ரன்னராவது (அந்த இழுக்கிற சாமான்தான்) மாற்றுவேன்.

ரன்னரைக் கழற்றிக் கையில் பிடித்துப் பாருங்கள். உள்ளே வழி 'ஒய்' மாதிரி இருக்கும். ஒரு முனையில் இரண்டு வாசல், மறுமுனையில் ஒரே வாசல். நடுவில் ஒரு சின்ன ஆப்பு. ஒவ்வொரு பல்லிலும் ஒரு பக்கம் மேடு, அதற்குப் பின்பக்கம் குழி. நேருக்கு நேர் வைத்து அழுத்தினால் மாட்டாது, பல்லும் பல்லும் இடிக்கும். ரன்னர் இரண்டு வரிசையையும் வளைத்துச் சாய்வாகக் கொண்டுவருகிறது. வளைத்தால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி விரியும் அல்லவா, அந்த இடைவெளிக்குள் எதிர்ப்பல் நுழைந்துவிடும். நிமிர்ந்ததும் இறுகிவிடும். திருப்பி இழுத்தால் அந்த ஆப்பு நடுவில் புகுந்து, அதே மாதிரி வளைத்துப் பிரிக்கிறது.

ஜிப் மூடியும் வாய் பிளக்கிறது என்று வருகிறவர்கள் எல்லோரும் பல் போய்விட்டது, முழு ஜிப்பையும் மாற்று என்பார்கள். முக்கால்வாசி கேஸில் பல் நன்றாக இருக்கும். ரன்னர்தான் தேய்ந்து அகன்றிருக்கும். குறட்டால் இரண்டு ஓரத்தையும் லேசாக அழுத்தினால் இன்னும் ஆறு மாதம் ஓடும். வருமானம் போகுமே என்று சொல்லாமல் இருப்பேன், இன்று சொல்லிவிட்டேன்.

எனக்கு இதை யாரும் கற்றுத்தரவில்லை. மாற்றி மாற்றிப் பார்த்ததுதான். ஆனால் உண்மையைச் சொன்னால் சுடிதார் கழுத்து டிசைன் எல்லாம் யூடியூப்தான். என் சொந்த டிசைன் என்று கடைசியாக எப்போது வெட்டினேன் என்றே நினைவில்லை.

#13 மட்டுறுத்துநர்

பெர்க்கின்சன் அல்ல, பார்க்கின்சன். தேடாமலே சொல்கிறேன். இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

#14 காயில்கட்டி

பத்து நாள் வரவில்லை, மன்னிக்கவும். சீசன். எல்லோருக்கும் நன்றி. மதுரை அம்மணி எழுதியதைப் படித்துவிட்டு என் டூல் பேக்கின் ரன்னரைக் கழற்றிப் பார்த்தேன். திரும்ப மாட்ட முக்கால் மணி நேரம்.

இங்கே படித்ததை வைத்து ஒரு காரியம் செய்தேன். போன வியாழக்கிழமை ஒரு 3 ஹெச்பி வந்தது. தம்பியிடம் போனை மேசையில் வைக்கச் சொல்லிவிட்டு, "பிரிக்கும்போது என்ன தோணுதோ அதையெல்லாம் வாயால சொல்லிட்டே பிரி" என்றேன். முதலில் கூச்சப்பட்டான். அப்புறம் சொல்ல ஆரம்பித்தான். கோர் இவ்வளவு நீளம், ஸ்லாட்டை மூடும் மூங்கில் சீவல் ஒரு பக்கம் மட்டும் கருகியிருக்கிறது, ஒரு பேஸ் போயிருக்கும்போல. சரியாகத்தான் பார்க்கிறான். நல்ல கண். இரண்டு கம்பி சேர்த்துச் சுற்றியிருக்கிறதா என்றுகூடப் பார்த்தான், அதை நான் சொல்லித் தரவே இல்லை. மூன்று ஸ்லாட் வெட்டி எண்ணினான். மூன்றிலும் 45.

அதே கம்பெனி, அதே மாடல் மோட்டார் என் மூன்றாம் நோட்டில் இருந்தது. பெருமையாக எடுத்துக் காட்டினேன், பார் என்று. அதில் 54.

நீ தப்பாக எண்ணியிருப்பாய் என்றேன். அவன் ஒன்றும் பேசாமல் நாலாவது ஸ்லாட்டையும் வெட்டி என் முன்னால் வைத்தான். நான் எண்ணினேன். 45.

அன்றைக்கு எழுதும்போது எண்ணை மாற்றிப் போட்டிருக்கிறேன். அது எழுதி எப்படியும் பதினைந்து வருடம் இருக்கும். அதை வைத்து அதே மாடலில் இரண்டு மோட்டாராவது கட்டியிருப்பேன். ஒன்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஸ்லாட்டில் கம்பி அடங்கவே இல்லை. மரச்சுத்தியால் தட்டித் தட்டிப் பார்த்தேன், கடைசியில் ஒரு கேஜ் மெல்லிய கம்பி போட்டுக் கட்டினேன். அடங்காதபோதே கை சொல்லியிருக்கிறது, ஏதோ தப்பு என்று. நோட்டில் தெளிவாகப் போட்டிருந்ததே என்று கம்பியைத்தான் மாற்றினேன். அந்தத் தோட்டத்துக்காரர் பிறகு வந்து, தண்ணி முன்ன மாதிரி ஏறலீங்க என்றார். வோல்டேஜ் குறைவாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பெஞ்சுக்காரன் தம்பி, இரண்டாவது பதிவில் நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில்.

#15 பெஞ்சுக்காரன்

அண்ணே, நான் சும்மா வம்புக்குத்தான் கேட்டேன். அந்தத் தோட்டத்துக்காரர் இன்னும் இருக்கிறாரா?

#16 காயில்கட்டி

இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். அந்த மோட்டாரை எப்போதோ விற்றுவிட்டாராம். மோர் கொடுத்தார்.

#17 நள்ளிரவு நிரலர்

அண்ணா, எங்கள் வீட்டு அரை ஹெச்பி மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கிறது, சுற்றவில்லை. கெப்பாசிட்டர் போயிருக்கும் என்று நெட்டில் போட்டிருக்கிறது. பிளேட்டைப் போட்டோ எடுத்து இங்கே போடட்டுமா?

#18 காயில்கட்டி

போட்டோ வேண்டாம். சுவிட்சை ஆஃப் பண்ணி, ஃபியூஸையும் பிடுங்கிவிட்டு, பின்பக்க ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றுகிறதா, பிடிக்கிறதா? அதை எழுதுங்கள், அப்புறம் பேசலாம்.